இரண்டு மூடி அரிஷ்டம்

தம்பி,

வருகிற வியாழக்கிழமை நான் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லப் போவதில்லை. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான் என்பதால் இதை முதலில் எழுதிவிடுகிறேன். வக்கீல் மாமாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். உன் அப்பாவிடம் இன்று காலை, அவர் கடைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது சொன்னேன். ஒரு காலில் செருப்போடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மற்றதையும் மாட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்றாவதாக நீ. முதலில் உன்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். அதற்காக உன் அறைக்கு இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஈக்காட்டுத்தாங்கல் ஆபீசோடு பேசிக்கொண்டிருந்தாய். கையைக் காட்டி, அப்புறம் என்றாய். நம் வீட்டில் அப்புறம் என்ற சொல்லுக்கு எவ்வளவு ஆயுள் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ எப்படி நினைவு வைத்திருக்கிறாயோ. எனக்கு அது இப்படி. மாலை. வெளிச்சம் இன்னும் போகவில்லை. மேற்கு மாம்பலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உன் போன் வந்தது. மதியம் நண்பன் வீட்டு விருந்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அடையாறு பாலத்துக்குப் பக்கத்தில் போலீஸ் நிறுத்திவிட்டது, காரைத் தர மாட்டேன் என்கிறார்கள், வீட்டு ஆள் யாராவது வந்து கூட்டிப் போக வேண்டுமாம் என்றாய். அப்பா கடையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தி. நகரில் பாத்திரக் கடையை விட்டு யாரும் அசைய முடியாது. நான் ஆட்டோ பிடித்து வந்தேன். சாலைத் தடுப்புக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். பெண்பார்க்கப் போனபோது போட்டிருந்த அதே நீலச் சட்டை. உன்னை ஊதச் சொன்ன கருவி ஒரு மேசைமேல் இருந்தது. அதிலிருந்து வந்த சீட்டில் கையெழுத்துப் போட்டிருந்தாய். அனுமதித்த அளவைப் போலப் பல மடங்கு என்று அங்கிருந்த பெண் போலீஸ் என்னிடம் சொன்னார். கோபமில்லை அவர் குரலில். ரயில் தாமதம் என்று அறிவிப்பது போல இருந்தது. நீங்கள் கார் ஓட்டுவீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் வண்டி இங்கேயே இருக்கும், நோட்டீஸ் வரும், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். உன்னை எழுப்பக் குனிந்தேன். சோம்பு வாசனை. சோம்புக்குக் கீழே இன்னொரு வாசனை. எனக்கு அந்த நொடியே தெரிந்தது. ஆனால் நான் உன்னிடம் கேட்டது, சாப்பிட்டாயா என்று. நீ ஆமாம் என்றாய். ஆட்டோவிலேயே மாம்பலம் திரும்பினோம்.

எங்கே குடித்தாய், எவ்வளவு குடித்தாய், குடித்துவிட்டு ஏன் ஓட்டினாய். மிகச் சாதாரணமான மூன்று கேள்விகள். இத்தனை மாதங்களில் இந்த வீட்டில் ஒருவர்கூட இவற்றில் ஒன்றைக்கூட உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

அரிஷ்டக் கதையை யார் கட்டினார்கள் என்று பின்னால் குழப்பம் வரக்கூடாது. நான்தான். பாத்திர வியாபாரிகள் சங்கத்தில் யாரோ ஒருவர் அந்த வழியாகப் போகும்போது உன்னை அந்த நாற்காலியில் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை காபி ஆறுவதற்குள் நங்கநல்லூர் சம்பந்தி வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. பவித்ராவின் அம்மா போன் செய்தார். நிச்சயதார்த்தம் முடிந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. தை மாதத்தில் முகூர்த்தம். “என்ன மதினி, தம்பியப் போலீஸ்ல பிடிச்சிட்டாங்களாம்லா?” என்றார். நான் சமையலறையில் நின்றிருந்தேன். எதிர் அலமாரியில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அரிஷ்டம். புளிக்க வைத்த கஷாயம், அதில் கொஞ்சம் சாராயச் சத்து இருக்கும். பாட்டிலில் பாதி. வயிறு சரியில்லை என்றான், இரண்டு மூடி அரிஷ்டம் கொடுத்தேன், அது மெஷினில் காட்டிவிட்டது போலிருக்கிறது என்றேன். அவர் சிரித்தார். மருந்துக்கெல்லாமா வண்டியைப் பிடுங்குவான் என்றார். நானும் சிரித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் எதற்கும் பதில் சொன்னதில்லை. நீ அப்போது சாப்பாட்டு மேசையில் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாய். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். நன்றி சொல்வது போல ஒரு பார்வை. அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்து வக்கீல். நமக்கு வக்கீல் என்றால் ஒருவர்தான். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நம் கடை வழக்கை நடத்துகிறவர். நம் ஊர்க்காரர். உன் காதுகுத்துக்கு வந்தவர். கட்டடச் சொந்தக்காரர் தன் மகளுக்காக இடத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டபோது அப்பா அவரிடம் போனார். அவருடைய வித்தை ஒன்றே ஒன்று. வாய்தா. சாட்சிக்குக் காய்ச்சல். பத்திரத்தின் நகல் இன்னும் கைக்கு வரவில்லை. வீட்டில் விசேஷம். அந்த வழக்கு நகராமல் நிற்பதுதான் நமக்கு வெற்றி, நகர்ந்தால் கடை போய்விடும். அவர் நகர விடவில்லை. கட்டடக்காரர் தீர்ப்பைப் பார்க்காமலே இறந்தார். அப்பா துக்கத்துக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தார். குளித்துவிட்டு வக்கீல் மாமாவுக்குப் போன் செய்தார். வாரிசுகளை வழக்கில் சேர்க்கவே இரண்டு வருஷம் ஓடிவிடும் என்று அவர் சொன்னதைக் கேட்டு அப்பாவின் முகம் தெளிந்தது. நான் பக்கத்தில் நின்று சோறு போட்டேன்.

அந்தக் கடை வருமானத்தில்தான் நீ படித்தாய். அந்த வருமானத்தில்தான் இந்தக் கார் வந்தது. அதனால் நான் நியாயம் பேச வரவில்லை. ஒரு வழியில் ஒரு முறை தப்பித்துவிட்ட குடும்பம் பிறகு எல்லாவற்றுக்கும் அந்த வழியிலேயே போகிறது, அவ்வளவுதான். அப்பாவின் கண்ணில் புரை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இப்போது இடது பக்கம் வருகிறவர்களை அவருக்குத் தெரியவில்லை. உன் டிரைவிங் லைசென்ஸ். எட்டுப் போட உனக்கு வரவில்லை. இன்னும் கொஞ்சம் பழகட்டும் என்று நான் சொன்னேன். டிரைவிங் ஸ்கூல்காரர் அப்பாவிடம், நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணாச்சி என்றார். பார்த்துக்கொண்டார். லைசென்ஸ் வந்தது, அதற்குக் கேசரி கிண்டினேன். எட்டு இன்றுவரை வரவில்லை. கல்யாண மண்டபங்களில் காரைத் திருப்ப நீ காவலாளியை அழைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேசரி ஞாபகம் வரும்.

வக்கீல் மாமா வீட்டுக்கு வந்தார். முறுக்கு சாப்பிட்டார். நோட்டீஸைப் படித்தார். மடித்துப் பையில் வைத்தார். “தாலி கட்டுற வரைக்கும் ஓட்டிருவோம் அண்ணாச்சி. அதுக்கப்புறம் எப்படிப் போனா என்ன?” என்றார். அப்பா தலையாட்டினார். நீயும். நானும். குற்றம் செய்யவில்லை என்று கோர்ட்டில் சொல்வது, அரிஷ்டம் என்று சொல்வது, அதற்குள் தை வந்துவிடும். நீ குடித்தாயா என்று அவர் உன்னைக் கேட்கவில்லை. கடை வழக்கிலும் கட்டடக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று அவர் அப்பாவைக் கேட்டதில்லை. அது அவர் தொழிலில் தேவைப்படாத கேள்வி. அன்று மாலை முழுவதும் வழக்கைப் பற்றி யாரும் பேசவில்லை என்பது எனக்கு மிகப் பின்னால்தான் உறைத்தது. கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பவித்ராவுக்குத் தெரியாமல் அவள் கழுத்தில் தாலி ஏறுவதற்கு எத்தனை வாய்தா தேவைப்படும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

ஆனால் இது கடை வழக்கு இல்லை. சைதாப்பேட்டை கோர்ட்டில் இரண்டு வாய்தா கிடைத்தது. மூன்றாவது கேட்டபோது மாஜிஸ்திரேட், இதில் என்ன இருக்கிறது, போலீஸ் சாட்சியம் முடிந்துவிட்டது, உங்கள் பக்கச் சாட்சி இருந்தால் வியாழக்கிழமை கூட்டி வாருங்கள், இனித் தேதி இல்லை என்று சொல்லிவிட்டார். நம் பக்கச் சாட்சி நான்.

போன வாரம் கடை மாடியில் நடந்த ஒத்திகையை நீ மறந்திருக்க மாட்டாய். நான் மறக்க முயன்றேன், முடியவில்லை. அண்டாக்களுக்கும் பிளாஸ்டிக் உறை போட்ட குத்துவிளக்குகளுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைத்தார் வக்கீல் மாமா. அவர் அரசு வக்கீல், நான் சாட்சி. எவ்வளவு கொடுத்தீர்கள்? இரண்டு மூடி. அவர் உதட்டைப் பிதுக்கினார். “ரெண்டு மூடின்னா கோர்ட்டு சிரிக்கும் மதினி. மெஷின் சொன்ன அளவுக்குப் பக்கத்துலயாவது வரணும்லா?” எழுந்து போய் அடுக்கிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தார். இதில் எவ்வளவு பிடிக்கும் என்றார். நூற்றைம்பது மில்லி என்றேன். கடையில் யார் கேட்டாலும் அப்படித்தான் வாய் சொல்லும். அது போதாது என்று லோட்டாவை எடுத்தார். இது? முந்நூறு. அது கொஞ்சம் அதிகம் என்று திரும்ப வைத்தார். நடுவில் ஒன்று இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. நானே எடுத்துக் கொடுத்தேன். வாடிக்கையாளர் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற கை. டம்ளர் பெரிதாகப் பெரிதாக அந்தக் கதையில் என் முகம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் வயிற்று வலிக்கு மருந்து கொடுத்த அம்மா. பிறகு அளவு தெரியாத அம்மா. கடைசியில், ஒரு லோட்டாவுக்குச் சற்றுக் குறைவாக மகனுக்கு ஊற்றிக் கொடுத்து, கார் சாவியையும் கையில் கொடுத்து, அடையாறு பக்கம் அனுப்பி வைத்த ஒரு பெண்பிள்ளை. அவளை எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை அவளாக நான் கூண்டில் ஏற வேண்டும்.

நீ அண்டாவில் சாய்ந்துகொண்டு போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாய். போதும் என்று நீ சொல்வாய் என்று நினைத்தேன். சத்தம் போட வேண்டாம், எழுந்து வெளியே போயிருந்தாலும் போதும். நீ போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய்: “அம்மா, அந்தப் பெரிய டம்ளர்னே சொல்லிரு. அப்பதான் கணக்கு சரியா வரும்.”

உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதைத்தான் உனக்கு விளக்கிச் சொல்ல முடியவில்லை. நான் தொடங்கி வைத்த பொய்யில் நீ நியாயமாக உன் பங்கைக் கேட்டாய். ஆனால் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

மறுநாள் ரெஹானா என்ற வக்கீலைப் பார்க்கப் போனேன். அவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. நம் ஊர் இல்லை, நம் சங்கம் இல்லை. இரண்டு வாய்தாவுக்கும் கோர்ட் வராந்தாவில் நீங்கள் எல்லாரும், நம் வழக்கைக் கூப்பிடுவார்களா என்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பெஞ்சில் உட்கார்ந்து வக்கீல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வேலையில்லை. பெரும்பாலானவர்கள் கட்சிக்காரரிடம் எதையும் கேட்காமல் பேசிக்கொண்டே நடந்தார்கள். இந்தப் பெண் நின்று கேட்டார். உன்னைப் போலவே ஊதி மாட்டிய ஓர் ஆட்டோ டிரைவர் அவரிடம் கை கட்டி நின்றிருந்தார். குடித்தாயா இல்லையா, என்னிடம் மட்டும் மறைக்காதே என்று கேட்டார் ரெஹானா. கொஞ்சூண்டுதாம்மா என்றார் அவர். “கொஞ்சூண்டுன்னா மெஷின் இன்னாத்துக்கு அண்ணே அப்படிக் கத்துது?” என்றார் ரெஹானா. அந்த மனிதர் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு முழுதாகச் சொன்னார். மதியத்திலிருந்து என்று ஆரம்பித்து, சவாரியோடு ஓட்டியது வரை. சொல்லி முடித்தபோது அவர் தோள் இறங்கியிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ரெஹானா அவருக்கு என்ன ஆகும் என்று சொன்னார். நல்லதை விட்டுவிட்டுக் கெட்டதிலிருந்து ஆரம்பித்தார். வக்கீலைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. முதலில் உன்னிடம் என்ன கேட்கிறார் என்று பார். பிறகு, எதை உறுதி கொடுக்க மறுக்கிறார் என்று பார்.

அவர் அறை கோர்ட்டுக்குப் பின்தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே. போய் உட்கார்ந்தேன். சாட்சி சொல்வது எப்படி என்று கேட்கத்தான் போனேன், நம்பு. விலகலாம் என்ற எண்ணம் அப்போது இல்லை. விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். உங்கள் பையன் குடித்திருந்தாரா என்று கேட்டார். வயிறு சரியில்லை என்று இரண்டு மூடி அரிஷ்டம், என்று தொடங்கினேன். “அரிஷ்டம் இருக்கட்டும்மா. குடிச்சிருந்தாரா?” ஆமாம் என்றேன். அந்தச் சொல்லை அதற்கு முன் வாய்விட்டுச் சொன்னதில்லை, தனியாக இருக்கும்போதுகூட. அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அவ்வளவுதான். எதுவும் ஆகவில்லை.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். தவறாக இருந்தால் அவரிடமே கேள். குடித்துவிட்டு ஓட்டியது குற்றம் என்ற சட்டம் உன் ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்றுதான் பார்க்கிறது. அது எந்தப் பாட்டிலிலிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை. “நீங்க சொல்றத ஜட்ஜ் அப்படியே நம்பினாலும் உங்க பையன் வெளிய வர மாட்டாரும்மா. கூட நீங்களும் உள்ள வர்றீங்க, அவ்ளோதான்” என்றார். லோட்டா, டம்ளர், ஒத்திகை எல்லாவற்றாலும் கோர்ட்டில் உனக்குக் காசளவு பயனில்லை. அந்தக் கதை வேலை செய்கிற இடம் நங்கநல்லூர் ஒன்றுதான்.

பொய் இல்லாத இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, உண்மையிலேயே வழக்காடுவது. அந்தக் கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், சீட்டில் அச்சான நேரமும் வழக்கில் எழுதிய நேரமும் ஒத்துப்போகிறதா, ஊதச் சொன்ன முறை சரிதானா. அதற்கு, முடிந்துபோன போலீஸ் சாட்சியைத் திரும்பக் கூப்பிடச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும். இதைக் கேட்கிற உரிமை குடித்தவனுக்கும் உண்டாம். நிரூபிக்க வேண்டியது போலீஸ், அதை நிரூபியுங்கள் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். எனக்கு இது புதிது. தப்பு செய்தவன் தனக்காக வாதாடினாலே அது பித்தலாட்டம் என்று நினைத்திருந்தேன். அதனால்தானோ என்னவோ, வாதாடுவது என்றதும் நேராகப் பித்தலாட்டத்துக்குப் போய்விட்டோம். இன்னொன்று, ஒப்புக்கொள்வது. அபராதம் வரும், லைசென்ஸை நிறுத்தி வைப்பார்கள். முதல் தடவை என்றாலும் சிறைக்குச் சட்டத்தில் இடமுண்டு, பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது, ஆனால் போகாது என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது என்றார். ஃபைன் கட்டிவிட்டு வந்தோம் என்று வெளியே லேசாகச் சொல்லிக்கொள்வார்கள், அது தண்டனை, பின்னால் எந்த இடத்தில் கேட்டாலும் ஆமாம் என்றுதான் எழுத வேண்டும் என்றும் சொன்னார். சீட்டின் நகலைப் பார்க்காமல் எது நல்லது என்று சொல்ல மாட்டாராம். கிளம்பும்போது, வழக்கு உங்கள் பையனுடையது, நீங்கள் வந்து பிரயோசனமில்லை, அவர் வர வேண்டும் என்றார். காபி வாங்கிக் கொடுத்தார். படியில் விளக்கு இல்லை, பார்த்துப் போங்கள் என்று கூடவே வந்து நின்றார்.

அதோடு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சும்மா இருந்தேன். இதையும் சொல்ல வேண்டும். எல்லாம் தெரிந்த பிறகும் சும்மா இருந்தேன். சனிக்கிழமை பவித்ரா போன் செய்தாள். தன் அப்பாவுக்கு வயிறு மந்தமாக இருக்கிறது, அந்த அரிஷ்டம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். இரண்டு மூடி, சாப்பாட்டுக்குப் பிறகு என்றேன். “நேத்தே குடுத்துட்டேன் அத்தை. ரெண்டு மூடி குடிச்சிட்டு ஸ்கூட்டர எடுத்துக்கிட்டு ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போயிட்டு, வடை வாங்கிட்டு வந்தாரு. ஒண்ணும் ஆகல.”

உங்கள் மகன் அன்று எவ்வளவு குடித்திருந்தார், அரிஷ்டத்தைக் கேட்கவில்லை என்றாள். அதை அவன்தான் சொல்ல வேண்டும் என்றேன். அந்த வீட்டாரிடம் இல்லை என்று சொல்லாமல் நான் சொன்ன முதல் வாக்கியம் அது. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. அவனிடம் கேட்பாயா என்று நான் அவளைக் கேட்டேன்.

“கேக்க மாட்டேன். அவரா சொல்லட்டும்னுதான் இத்தன நாளா இருக்கேன். குடிச்சு ஓட்டினதுக்காகக் கல்யாணத்த நிறுத்துவேனா, எனக்கே தெரியல அத்தை. சொல்லாம இருந்தா நிறுத்திருவேன். அது தெரியும்.”

வைக்கட்டுமா என்றாள். வைத்துவிட்டாள். அவள் அம்மாவுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அந்தக் குரலில் சண்டை இல்லை, தம்பி. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. சண்டை போட்டால் சமாதானத்துக்கு ஆள் அனுப்பலாம்.

ஆக, இதுதான் நிலவரம். நேற்று வக்கீல் மாமாவிடம் நான் வரவில்லை என்று சொன்னபோது அவர் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு மனுப் போட்டுத் தேதி கேட்டுப் பார்ப்போமா மதினி என்றார். என் மறுப்பையும் வாய்தாவாக மாற்ற முடிகிற மனிதர். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, கடை வழக்குக்கு அவரே இருக்கட்டும். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

உன் அப்பா பேசாமல் போனதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. இந்தக் கல்யாணம் நின்றால் சங்கத்தில் தலை காட்ட முடியாது என்று பயப்படுகிறார். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. நின்றாலும் நிற்கலாம். இதை நான் உனக்கு மறைக்கப் போவதில்லை. பவித்ராவைப் போன்ற பெண் திரும்பக் கிடைப்பாள் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அவளிடம் நீ சொல்லாமல், நான் கூண்டில் ஏறி, மாஜிஸ்திரேட் சிரித்து, வழக்கும் தோற்று, அதன் பிறகு செய்தி நங்கநல்லூருக்குப் போவதைவிட இது மோசமாக இருக்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஒப்புக்கொள்வதா, வழக்காடுவதா, அது உன் முடிவு. எதைச் செய்தாலும் வியாழக்கிழமை காலை நான் உன்னோடு வருவேன். பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அபராதம் என்றால் கட்டும்வரை இருப்பேன். இன்னும் சில தேதிகள் ஆகும் என்று ரெஹானா சொன்னால் அந்தத் தேதிகளுக்கும் வருவேன். அவை உண்மையான தேதிகளாக இருந்தால் சரி.

ரெஹானா நாலு மணிக்கு மேல் அறையில் இருப்பார். சீட்டின் நகலை எடுத்துக்கொண்டு போ. அவர் முதலில் என்ன கேட்பார் என்று உனக்கு இப்போது தெரியும். அங்கே ஒரு தடவை பதிலை வாய்விட்டுச் சொல். அவர் முகம் சுளிக்க மாட்டார். அது முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடாதே. சைதாப்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் பழவந்தாங்கலில் இறங்கலாம். அங்கிருந்து பவித்ரா வீடு நடக்கிற தூரம்தான்.

அம்மா